மூணு விரக்கடை உசரம்

"எத்தன விரக்கடை வேணும் தம்பி?"

ஆசாரி இப்படித்தான் கேட்டார். நான் வீட்டிலேயே படமெல்லாம் வரைஞ்சு, 'சஸ்பென்ஷன் லிஃப்ட் - 2 இஞ்ச்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, பெரிய விவரஸ்தன் மாதிரி தாளை நீட்டியிருந்தேன். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. ஜீப்புக்கு முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, அச்சுக்கும் அதுக்கு மேலே சேசிஸில் இருக்கிற ரப்பர் கட்டைக்கும் நடுவில் கையை விட்டார். மூணு விரல் போச்சு. நாலாவது விரல் போகலை.

"இங்க முழுக் கையும் போகணும். வண்டி உக்காந்து போயி ரொம்ப நாளாச்சு" என்றார்.

(டிஸ்கி: கொஞ்சம் நீளம். மெக்கானிக் சமாச்சாரமும் சரித்திரமும் கலந்து வரும். ரெண்டும் ஒத்துக்காதவங்க இப்பவே ஜூட் விட்டுக்கலாம் :-) )

எங்க ஊர் குன்னம். பெரம்பலூர் மாவட்டம்தான், ஆனா தொகுதியில் ஒரு பகுதி அரியலூர் மாவட்டத்துக்குள்ளே கிடக்கு. 1995ல் திருச்சியைப் பிரிச்சு பெரம்பலூர் மாவட்டம் வந்துச்சு, 2001ல் அதிலிருந்து அரியலூரைப் பிரிச்சாங்க, 2002ல் திரும்ப ஒட்டினாங்க, 2007ல் மறுபடி பிரிச்சாங்க. இத்தனையும் நடந்தப்ப எங்க வீட்டு ஜீப் அதே வேப்பமரத்தடியில்தான் நின்னுச்சு. மஹிந்திரா சிஜே-3பி. அப்பா 1993ல் ஒரு அரசுத் துறை ஏலத்தில் எடுத்தது. இந்த வண்டியை ரெண்டு இஞ்ச் உயர்த்தப் போய், எங்கெங்கேயோ இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு. கொசுவத்திச் சுருளைக் கொஞ்சம் பெருசாவே சுத்திக்கோங்க.

முதல்ல அந்த 'பட்டை'. ஜீப்புக்கு அடியில் வளைஞ்ச இரும்புத் தகடுகளை அடுக்கி, நடுவில் ஒரு போல்ட் போட்டு வச்சிருப்பாங்களே, அதான் பட்டை. லீஃப் ஸ்பிரிங். நம்ம ஆளுங்க அதுக்கு ஜீப் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே ஒரு நல்ல பேர் வச்சுட்டாங்க: வில். வில்வண்டிக்கு வில்வண்டின்னு பேர் வந்ததே இந்த வில்லால்தான். பள்ளிக்கூடப் புத்தகத்தில் சுருள்வில்லுன்னு படிச்சோமே, அதே வில்.

கட்டை வண்டிக்கு வில் கிடையாது. அச்சு மேலே நேரா சட்டம். மேடு பள்ளம் எல்லாம் முதுகெலும்புக்கு நேரடி ஒளிபரப்பு. ஆனா அதுக்குச் சக்கரம் பெருசு, ஆளோட நெஞ்சு உசரம் வரும். எங்க ஊர் கரிசலை மழைக்காலத்தில் மிதிச்சவங்களுக்குத் தெரியும், ஒரு அடி வச்சா செருப்போட ரெண்டு கிலோ மண் கூட வரும். அந்த மண்ணுல வண்டி போகணும்னா அச்சு உசரத்தில் இருக்கணும், அச்சு உசரணும்னா சக்கரம் பெருசா இருக்கணும். 'கிரவுண்ட் கிளியரன்ஸ்'ங்கிற வார்த்தையே தெரியாம அந்தக் கணக்கைப் போட்டு முடிச்சுட்டாங்க நம்ம தச்சர்கள். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

வில்வண்டி வேற ரகம். 1804ல் ஒபதையா எலியட்னு ஒரு இங்கிலீஷ்காரர் கோச்சு வண்டிகளை நீள்வட்ட வில் மேல் உட்கார வைக்கிற முறைக்குக் காப்புரிமை வாங்கினார். இந்த மாதிரி வண்டிகள் கம்பெனிக்காரர்களோட நம்ம பக்கம் வந்துச்சு. சென்னையில் 1840ல் தொடங்கின சிம்சன் கம்பெனியே கோச்சு வண்டி கட்டுற கம்பெனிதான். அதே கம்பெனியின் சாமுவேல் ஜான் கிரீன் 1903ல் நீராவிக் கார் ஒண்ணு செஞ்சு ஓட்டிக் காட்டினார். துரைமார் வண்டியைப் பார்த்த நம்ம மிராசுதார்கள் மாட்டு வண்டிக்கும் வில் வச்சுக்கிட்டாங்க. உள்ளே மெத்தை, மேலே கூண்டு, மாட்டுக்குச் சலங்கை.

எங்க தாத்தா அப்படி ஒரு வில்வண்டியை ஓட்டினவர். ஓட்டினவர்னுதான் சொன்னேன், அதில் போனவர் இல்லை. பண்ணை வீட்டு வண்டி. அவருக்கு இடம் முன்னால் ஏர்க்கால் மேல. வீட்டுக்காரங்களை இறக்கி விட்டுட்டு வண்டி காலியா திரும்பும்போதும் கூண்டுக்குள்ள உட்காரக் கூடாது. பெரிய தெரு வந்தா அந்த ஏர்க்காலிலிருந்தும் இறங்கி, மூக்கணாங்கயிறைப் பிடிச்சுக்கிட்டு நடந்து போகணும். சட்டம் எதுவும் இல்லை. எல்லாருக்கும் தெரியும், அவ்வளவுதான்.

இது எங்க ஊர்க் கதை மட்டும் இல்லை. 1893ல் திருவிதாங்கூரில், வெங்ஙானூர்க்காரரான அய்யங்காளி ஒரு வில்வண்டி வாங்கி, வெள்ளை வேட்டி கட்டி, தலைப்பாகை வச்சு, தன் சாதிக்காரங்க நடக்கவே கூடாதுன்னு வச்சிருந்த பொதுச் சாலையில் ஓட்டிக்கிட்டுப் போனார். அடிதடி ஆச்சு. பாதசாரியா நடந்தே உரிமை கேட்டிருக்கலாம், ஏன் வண்டி? அதுவும் ஏன் கட்டை வண்டி இல்லாம வில்வண்டி? அதில் உட்கார்ந்தா தரையிலிருந்து உசந்து, ஆட்டம் இல்லாம, தலை நிமிர்ந்து போகலாம். எதிராளிக்கு எரிஞ்சது அந்த உசரம்தான்னு எனக்குத் தோணும்.

சரி, ஜீப்புக்கு வருவோம்.

1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்கு எழுதிப் போட்டுச்சு. குட்டியா, குள்ளமா, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வேணும், எடை 1,300 பவுண்டுக்குள்ள இருக்கணும், 49 நாளில் மாதிரி வண்டி வேணும். பாண்டம்னு ஒரு சின்னக் கம்பெனி, கார்ல் ப்ராப்ஸ்ட் என்கிற பொறியாளரை வச்சு, செப்டம்பர் 23ஆம் தேதி கெடு முடியற நேரத்தில் வண்டியைக் கொண்டு போய் நிறுத்திடுச்சு. (எடைக் கணக்கை ஒருத்தரும் எட்டலை. எட்டவும் முடியாது.) ஆனா பெரிய ஆர்டர் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போச்சு. போர் முடியறதுக்குள்ள ரெண்டு பேரும் சேர்ந்து 6 லட்சத்துக்கு மேல் செஞ்சு தள்ளினாங்க. பாவம் பாண்டம்.

இந்த வண்டியோட அடிப்பக்கத்தில் ஒரு விசேஷம் இருக்கு. வில்வண்டியில் அச்சுக்கு மேலே வில் உட்கார்ந்திருக்கும். லாரியிலும் அப்படித்தான். வில்லிஸ் ஜீப்பில் தலைகீழ்: வில் அச்சுக்கு அடியில் தொங்கும். அதனால் வண்டி தரையை ஒட்டி நிக்கும். எதிரி கண்ணுக்குச் சட்டுன்னு படாது, வளைவில் கவிழவும் யோசிக்கும். தரைக்கும் வண்டிக்கும் இடைவெளி எட்டே முக்கால் இஞ்ச். அதாவது, ராணுவத்துக்கு வேண்டியது குள்ளம். நம்ம ஊர்ல இதைத்தான் உசரமான வண்டின்னு கொண்டாடினோம் :-)

நம்ம நாட்டுக்கு வந்த கதை பலருக்குத் தெரிஞ்சதுதான். 1945ல் லூதியானாவில் 'மஹிந்திரா அண்ட் முகமது'ன்னு ஆரம்பிச்ச இரும்பு வியாபாரக் கம்பெனி. பிரிவினையில் குலாம் முகமது பாகிஸ்தான் போய் அங்கே முதல் நிதியமைச்சர் ஆயிட்டார், 1948ல் கம்பெனி பேர் 'மஹிந்திரா அண்ட் மஹிந்திரா' ஆச்சு. பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்ட ஆரம்பிச்சாங்க. அதே 1948ல் ராணுவத்துக்காக லண்டனில் கிருஷ்ண மேனன் போட்ட ஜீப் ஒப்பந்தம், வந்து இறங்கின 155 ஜீப்பும் உதவாதுன்னு ராணுவம் ஒதுக்கினது, நாடாளுமன்றத்தில் நாறினது... சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய ஊழல் புகாரே நம்ம ஜீப்பாலதான்.

கிராமத்துக்குள்ள ஜீப் நுழைஞ்சது வேற வழியில். 1952 அக்டோபர் 2ஆம் தேதி சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கினாங்க. பின்னாலேயே வட்டாரம் வட்டாரமா பி.டி.ஓ. ஆபீஸ் வந்துச்சு, ஆபீஸுக்கு ஜீப் வந்துச்சு. புழுதி பறந்தா சர்க்கார் வருதுன்னு அர்த்தம். பசங்க பின்னாடி ஓடுவாங்க, பெரியவங்க பின்பக்கமா ஓடுவாங்க. ஒண்ணு கடன் வசூலா இருக்கும், இல்லாட்டி கு.க. ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்கிறதா இருக்கும். வில்வண்டி போய் அந்த இடத்துக்கு ஜீப் வந்துச்சு. அதே மாதிரி ஊரே அண்ணாந்து பார்க்கிற வண்டி.

அதனால்தான் 1993ல் அப்பா ஏலத்தில் கை தூக்கினது. அவருக்கு ஜீப்புக்கான தேவை பெருசா ஒண்ணும் இல்லை. மூணு ஏக்கர் பருத்தி, கொஞ்சம் சின்ன வெங்காயம். ஆனா வண்டியை எடுத்த அன்னிக்கு நேரா வீட்டுக்கு வரலை. தாத்தாவை முன் சீட்டில் ஏத்தி, பெரிய தெரு வழியா ரெண்டு தடவை சுத்திட்டுத்தான் வந்தார். நான் பின்னாடி உட்கார்ந்திருந்தேன். தாத்தா ஒரு வார்த்தை பேசலை. முன் கம்பியை மட்டும் ரெண்டு கையாலும் இறுக்கிப் பிடிச்சிருந்தார்.

சிஜே-3பி பிறந்தது 1953ல். புது 'ஹரிக்கேன்' எஞ்சின் உசரம் அதிகம்னு பானட்டையே தூக்கிக் கட்டின மாடல். அமெரிக்காவில் 1968ல் நிறுத்திட்டாங்க. நம்ம ஊர்ல அதுக்கப்புறமும் ரொம்பக் காலம் செஞ்சாங்க. ஆனா 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பெட்ரோல் போட்டு ஜீப் ஓட்டுறது யானையைக் கட்டித் தீனி போடுற கதை. ஊர் ஊரா பெட்ரோல் எஞ்சினை இறக்கிட்டு டீசல் எஞ்சினை ஏத்தினாங்க. அப்பாவும் ஏத்தினார், ஆர்.சி. புத்தகத்திலும் முறையா பதிஞ்சார். இங்கேதான் சூட்சுமம். டீசல் எஞ்சின் எடை கூட. பெட்ரோல் எஞ்சினைத் தாங்கச் செஞ்ச முன் பட்டை, கொஞ்சம் கொஞ்சமா வளைவு நிமிர்ந்து, வருஷத்துக்கு ஒரு நூல் கணக்கா உட்கார ஆரம்பிச்சுது. தினம் பார்க்கிற ஆளுக்கு இது தெரியாது.

இன்னொண்ணும் மாறுச்சு. வண்டிப் பாதையில் மாட்டு வண்டி போய் டிராக்டர் வந்துச்சு. டிராக்டர் சக்கரம் ரெண்டு பக்கமும் ஆழமா குழி பறிக்கும், நடுவில் முதுகு மாதிரி மேடு நிக்கும். டிராக்டருக்கு வயிறு உசரம், அதுக்குக் கவலை இல்லை. ஜீப் அந்தக் குழியில் இறங்கினா கிரவுன் மேட்டுல உட்கார்ந்துக்கும்.

2005 ஐப்பசி, கார்த்திகை மழை ஞாபகம் இருக்கா? தமிழ்நாடே நனைஞ்சு ஊறின வருஷம். 108 ஆம்புலன்ஸ் வந்தது 2008 செப்டம்பரில்தான். அதுவரைக்கும் எங்க பக்கம் ராத்திரி பிரசவ வலின்னா அப்பாவோட ஜீப்தான். அன்னிக்கும் கொட்டாயிலிருந்து ஒரு அக்காவை ஏத்திக்கிட்டு வந்தோம். ஓடைக்கு முன்னாடி கரிசல் பாதையில், நடு மேட்டுல வண்டி உட்கார்ந்துடுச்சு. நாலு சக்கரமும் சுத்துது, வண்டி நகரலை. அந்த அக்காவோட மாமியார் வாயைத் திறக்காம என் தோளைப் பிடிச்ச பிடி இன்னும் இருக்கு. டிராக்டர் வந்து இழுக்க முக்கால் மணி நேரம் ஆச்சு. ஆஸ்பத்திரி வாசல் போய்ச் சேர்ந்தோம், குழந்தையும் நல்லபடியா பிறந்துச்சு. (இப்ப அந்தப் பையன் என்னை விட உசரம்.) ஆனா அப்பா அந்த முக்கால் மணி நேரத்தை மறக்கவே இல்லை.

அடுத்த வாரமே வண்டியை உயர்த்தக் கிளம்பினார். ஹைவே ஓரத்தில் ஒரு லாரிப் பட்டறை, பேர் வேண்டாம். லாரிக்குச் செய்யற மாதிரியே பட்டைக்கும் அச்சுக்கும் நடுவில் ரெண்டு இஞ்ச் இரும்புக் கட்டை வச்சு, நீளமான யு-போல்ட் போட்டு முறுக்கி, காசு வாங்கிட்டாங்க. வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கினா, ரெண்டு இஞ்ச் கீழே போயிருக்கு!

ஏன்னு யோசிச்சுப் பாருங்க. லாரியில் பட்டை அச்சுக்கு மேலே. நடுவில் கட்டை வச்சா பட்டை உசரும், அது தாங்குற வண்டியும் உசரும். ஜீப்பில் பட்டை அச்சுக்குக் கீழே. நடுவில் கட்டை வச்சா பட்டை இன்னும் கீழே போகும், அதைப் பிடிச்சிருக்கிற வண்டியும் கூடவே இறங்கும். பாண்டமும் வில்லிஸும் அறுபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி எடுத்த முடிவு, ஹைவே ஓரத்தில் அப்பா முகத்தில் அடிச்சுது. அப்பா சிரிக்கலை. நான் பத்து வருஷம் கழிச்சுத்தான் சிரிச்சேன்.

அப்புறம் வேற ஒருத்தர் யோசனை கேட்டு முன் பக்க ஷேக்கிளை நீளமாக்கினார். ஷேக்கிள்னா பட்டையோட நுனியைச் சேசிஸில் தொங்கவிடுற சின்னக் காது. ரெண்டு இஞ்ச் நீட்டினா வண்டி ஒரு இஞ்ச் ஏறும், பட்டையோட ஒரு முனைதானே இறங்குது. வண்டி ஏறினது என்னவோ நிஜம். ஆனா இந்த ஜீப்பில் முன் ஷேக்கிள் பட்டையோட முன் நுனியில் இருக்கு. அந்த நுனி கீழே இறங்க, அச்சு மொத்தமா முன்னால் சாய்ஞ்சு, சக்கரத்தைத் தானா நேராக்குற 'காஸ்டர்' கோணம் குறைஞ்சு போச்சு. நாப்பதுக்கு மேல போனா வண்டி குடிச்சவன் மாதிரி ரோட்டைத் தேடுச்சு. பழைய ஷேக்கிளையே மாட்டிட்டு, அப்பா அத்தோட விட்டுட்டார். 2019ல் அவரும் போயிட்டார்.

பட்டையையே அச்சுக்கு மேலே தூக்கி மாட்டுறதும் ஒரு வழி. நாலஞ்சு இஞ்ச் ஏறும். பஞ்சாப், ஹரியானா பக்கம் ஜீப் பிரியர்கள் செய்யறாங்க. ஆனா ஸ்டியரிங் ராடு, ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் கோணம், பிரேக் ஹோஸ்னு எல்லாத்தையும் மாத்தணும். ஊர்த் தெருவில் ஓட்டுற எனக்கு எதுக்கு அது?

அதனால்தான் ஆசாரிகிட்ட வந்தேன். கொல்லுப்பட்டறை. ஏர்க் கொழுவும் களைக்கொத்தும் அடிக்கிற இடம். நான் புதுப்பேட்டையில் நாள் முழுக்க அலைஞ்சு ஒரே ஒரு புது முன் மெயின் பட்டையைத் தேடிப் பிடிச்சு வந்திருந்தேன். அவர் எங்க வண்டிப் பட்டையைக் கழட்டி, ரெண்டையும் பக்கத்துல படுக்க வச்சு, காதுக்குக் காது நூல் கட்டினார். நூலுக்கும் வளைவோட உச்சிக்கும் எவ்வளவு இடைவெளின்னு விரலால் அளந்தார். பழையது, புதுசைவிட மூணு விரக்கடை குறைச்சல். நான் தாளில் எழுதிக்கிட்டுப் போன ரெண்டு இஞ்சும் அதேதான்!

நான் கேட்ட 'லிஃப்ட்' புதுசா எதுவும் இல்லை. முப்பது வருஷத்தில் வண்டி தொலைச்ச உசரம் அது.

"நெருப்புல காட்டி வளைச்சா சீக்கிரம் முடிஞ்சுருமே"ன்னு கேட்டேன். ஒரு பார்வை பார்த்தார். ஸ்பிரிங் இரும்பைச் செந்தணலில் காய்ச்சி அப்படியே ஆற விட்டா முறுக்கு போயிடும், அப்புறம் அது வில் இல்லை, வெறும் தகடு. பச்சை இரும்பாவே, பள்ளம் வெட்டின அடிகட்டை மேல் வச்சு, அரை இஞ்சுக்கு ஒரு அடின்னு சுத்தியலால் அடிச்சுக்கிட்டே போனார். ஒவ்வொரு தகடும் அதுக்கு மேலே இருக்கிற நீளமான தகட்டைவிடக் கொஞ்சம் கூடுதல் வளைவு, அப்பத்தான் சேர்த்துக் கட்டும்போது ஒண்ணோட ஒண்ணு கவ்விக்கும். டீசல் எடைக்காக முன்னால் மட்டும் ஒரு அரைப் பட்டை கூடுதல். மூணாவது பட்டை செண்டர் போல்ட் ஓட்டையில் கீறல் விட்டிருந்துச்சு, கையில் எடுத்ததும் ரெண்டா வந்துடுச்சு. அதுக்குப் பதில் அதே தடிமனில் வேற. ரெண்டு நாள் வேலை. யு-போல்ட் புதுசு. பழசை மறுபடி முறுக்கக் கூடாதுன்னு அவரே சொன்னார். வண்டியைத் தரையில் இறக்கி, எடை ஏறின பிறகுதான் ஷேக்கிள் போல்ட்டைக் கடைசியா இறுக்கினார். இல்லாட்டி புஷ் முறுக்கிக்கிட்டு கிழிஞ்சு போயிடும்.

சட்டம் என்ன சொல்லுதுன்னு பயப்படறவங்களுக்கு: மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து ஆர்.சி. விவரம் மாறுபடுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லிடுச்சு. அதே வருஷத் திருத்தத்தில், மாத்தினா ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாசம் வரை சிறையோ, ரெண்டுமோ. பெரிய டயர் போட்டு எட்டு இஞ்ச் தூக்கி ஊர்ல பேய் மாதிரி ஓட்டுறவங்களைப் பிடிக்கட்டும், எனக்குச் சம்மதமே. நான் செஞ்சது பழுது பார்த்தது. ஆசாரியோட நூல் சாட்சி.

எனக்கு வருத்தம் வேற. 2023 ஏப்ரல் 1லிருந்து 15 வருஷம் தாண்டின அரசு வண்டிகளோட பதிவு ரத்தாகி, நேரா உடைக்கத்தான் போகணும்னு விதி. புகைக்கும் பாதுகாப்புக்கும் அது சரியாவே இருக்கலாம். ஆனா பழைய துறை ஜீப்பை ஏலத்தில் எடுத்துப் பெரிய தெருவில் சுத்துற வழி இனி யாருக்கும் இல்லை.

மழை விட்ட மறுநாள் அதே ஓடைக்கு எடுத்துக்கிட்டுப் போனேன். உண்மையைச் சொல்லிடறேன்: பட்டையை எவ்வளவு ஏத்தினாலும் கிரவுன் ஒரு நூல்கூட உசராது. அச்சு சக்கரத்தோட இருக்கு, சக்கரம் அதே சக்கரம். வண்டி உடம்பு, கியர் பாக்ஸ், சைலன்சர் இதெல்லாம்தான் ஏறும், பள்ளத்தில் இறங்கும்போது அச்சு ரப்பர் கட்டையில் முட்டாது. கிரவுன் உசரணும்னா சக்கரம் பெருசாகணும், அதைத்தான் கட்டை வண்டித் தச்சர் அப்பவே செஞ்சு வச்சார். அதனால் அப்பா கடைசி வருஷங்களில் ஓட்டின மாதிரியே, குழியில் இறங்காம, ஒரு பக்கச் சக்கரத்தை நடு மேட்டிலும் இன்னொண்ணைப் பாதை ஓரத்திலும் ஏத்தி ஓட்டினேன். முன்னெல்லாம் இப்படிச் சாய்ஞ்சு போனா கீழ்ப்பக்கப் பட்டை நசுங்கி டமார் டமார்னு முட்டும். இந்தத் தடவை முட்டலை. ஓடை தாண்டினேன்.

ரெண்டா உடைஞ்சுதே அந்த மூணாவது பட்டை, அதை ஆசாரி தூக்கிப் போடலை. "நல்ல இரும்பு தம்பி, இப்ப இப்படிக் கிடைக்காது"ன்னு ரெண்டு அரிவாள் அடிச்சார். ஒண்ணு கூலியில் கழிச்சுக்கிட்டு அவரே வச்சுக்கிட்டார். இன்னொண்ணு எங்க வீட்டுக்கு வந்துச்சு. காலையிலேயே அம்மா அதை எடுத்துக்கிட்டுச் சோளத்தட்டை அறுக்கப் போயிட்டாங்க.